கறுவா மரத்துக்கு ஊற்றிய மோர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் வராது. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கேட்டாலும் அப்படித்தான், பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா கேட்டாலும் அப்படித்தான். தெரியாததற்கெல்லாம் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் கையை வைத்துக்கொண்டு இருப்பேன். அந்தப் பழக்கம் ஒருமுறை என்னை ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் இத்தாலிக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. கணவரும் மகளும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வன்னிக்குள் அலைந்து, ஒருமாதிரிக் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் ஒற்றை அறையில் இருந்தார்கள். நான் விட்டுவிட்டு வந்தபோது மகளுக்கு மூன்று வயது. இப்போது ரெலிபோனில் பெருக்கல் வாய்பாடு சொல்லிக் காட்டினாள். எட்டாம் வாய்பாட்டை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று கேட்கவில்லை.

அவர்களைக் கூப்பிட மூன்று கடதாசி வேண்டியிருந்தது. பெர்மெஸ்ஸோ, இங்கே இருக்கிறதுக்கான அனுமதி, என்னிடம் இருந்தது. வீட்டுக் கடதாசியை, வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் என்னோடு இரண்டு அறையைப் பங்குபோட்டிருந்த மன்னார் அக்கா தன் பெயரில் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தாள். மூன்றாவது, ஒரு வீட்டுக்காரர் என்னை முழுநாள் வேலைக்கு வைத்திருப்பதாகப் பதிந்து தருகிற ஒப்பந்தம். அது மட்டும் கிடைக்கவில்லை. முதல் வேலை செய்த இரண்டு வீட்டிலும் கேட்டேன். “அடுத்த மாதம் பார்ப்பம்” என்றார்கள். அந்த அடுத்த மாதம் எந்தக் கலண்டரிலும் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்கா தன் கோயிலில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். லிபெர்த்தா வீதியில், நாலாம் மாடியில், தனியாக இருக்கும் ஒரு சிஞ்ஞோராவுக்கு முழுநாள் ஆள் தேவையாம். சிலோன் ஆளாக இருந்தால் இன்னும் விருப்பமாம்.

ஏன் சிலோன் ஆள் என்பது போன பிறகுதான் விளங்கியது. சிஞ்ஞோரா எண்பதை நெருங்கியவர், கைத்தடி பிடித்தாலும் முதுகு வளையாத மனுசி. சமைக்கத் தெரியுமா, உடுப்பு மினுக்கத் தெரியுமா என்று ஒன்றும் கேட்கவில்லை. நேரே என்னைப் பின்பக்கக் கண்ணாடி விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே குளிக்கிற தொட்டி அளவு மண்சாடியில் ஒரு மரம் நின்றது. என்னைவிட ஒரு முழம் உயரம். தடித்த இலைகள். ஒவ்வோர் இலையிலும் காம்பிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் ஓடின.

“நீ சிலோன்காரிதானே? அப்ப இது என்ன மரம் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை” என்றார்.

நிச்சயமாகத் தேவை இருந்தது. நான் பிறந்து வளர்ந்தது பனையும் புகையிலையும் கிளுவை வேலியும் உள்ள ஊர். நல்லகாலத்துக்கு, சாடியில் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் ‘கன்னெல்லா’ என்று எழுதியிருந்தது. பலசரக்குக் கடையில் பார்த்த சொல். கறுவா! எங்களுக்குக் கறுவா என்றால் கடைக்காரர் பேப்பரில் சுற்றித் தருகிற பட்டை. அது ஒரு மரத்தின் பட்டை என்றும், அந்த மரம் தீவின் தெற்கே, வருடம் முழுக்க மழை பெய்கிற மலைக்காடுகளில் தானாக முளைக்கிறது என்றும், எந்தக் காலத்திலும் இலையுதிராது என்றும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறேன். அந்த மலைப்பக்கம் போனதில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய காலமாக அது எங்களுக்கு இருக்கவும் இல்லை.

“ஸீ, ஸீ, சிஞ்ஞோரா. எங்கட வீட்டிலை ரெண்டு நிக்குது” என்றேன்.

“எவ்வளவு உயரம் வளரும்?”

“பனை உயரம்.”

சிஞ்ஞோராவின் புருவம் ஏறி இறங்கியது. ஆனால் வேலை தந்தார்.

மரம் அவருடைய கணவருடையது. அவர் கப்பல் வைத்தியராக இருந்தவர். எங்கேயோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய கன்றை மடியில் வைத்து வளர்க்காத குறையாக வளர்த்திருக்கிறார். அவர் செத்து மூன்று வருடம். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் வேலைக்கு வந்துபோனார்கள், இரண்டு பேரின் கையிலும் மரம் வாடியிருக்கிறது. மிலானோவில் இருக்கும் மகள், “வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடு” என்று ஒவ்வொரு கிழமையும் ரெலிபோனில் சொல்லிக்கொண்டிருந்தாள். சிஞ்ஞோரா ஒருநாள் கோப்பி குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இந்த மரம் இருக்கும்வரை நான் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டன். இது போச்செண்டால் எனக்கும் இஞ்சை வேலையில்லை.” அவருக்கு வேலையில்லை என்றால் எனக்கும் வேலையில்லை. அது சொல்லாமலே விளங்கியது.

ஜூலைக் கடைசியில் சிஞ்ஞோரா வெயிலுக்குத் தப்பி மிலானோவுக்குப் புறப்பட்டார். செப்டெம்பர் பத்தாம் திகதியளவில் திரும்புவதாகச் சொன்னார். வாசலில் நின்று, நான் நாலு மாதமாகத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டிருந்த கேள்வியை நான் கேட்காமலே எடுத்தார். “வந்தவுடனை உன்ரை ஒப்பந்தத்தைப் பதிவம். மரத்தைப் பார். உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லையே.”

“தேவையில்லை, சிஞ்ஞோரா.”

பாருங்கள், அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லித் தந்திருப்பார். வீட்டில் இரண்டு மரம் வைத்திருக்கிறவளுக்கு யார் பாடம் எடுப்பார்கள்?

அன்று பின்னேரம் ரெலிபோன் கடைக்குப் போய்க் கொழும்புக்குக் கதைத்தேன். “இஞ்சேருங்கோ, செப்டெம்பரிலை கடதாசி கிடைக்கும்” என்றேன். கணவர் மாதத்தைத் திருப்பிக் கேட்டார். பிறகு மகள் ரிசீவரைப் பறித்து, “அம்மா, அங்கை குளிராம், எனக்குச் சுவெற்றர் வேணும்” என்றாள். சிவப்புச் சுவெற்றர் வாங்கி வைப்பதாகச் சொன்னேன்.

ஒகஸ்ட் முதல் கிழமையிலேயே மரம் என்னைச் சோதிக்கத் தொடங்கியது. ஆபிரிக்காப் பக்கத்திலிருந்து வரும் சூட்டுக்காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. இலைகள் மஞ்சளித்தன. நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சள். விறாந்தையைக் கூட்டி முடிக்கும் முன்னே அடுத்த இலை விழுந்தது. இலையுதிராத மரம் என்று பரீட்சைக்கு எழுதியவள் நான்! ஒரு இலையைக் கசக்கி மணந்தேன். கறுவா மணக்கவேயில்லை, கராம்பு மணந்தது. சிஞ்ஞோராவின் கணவரை யாரோ நல்லாய் ஏமாற்றிவிட்டார்கள், இது கறுவாவே இல்லை என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. கறுவாவோ கராம்போ, செத்தால் என் பிள்ளை லொட்ஜிலேயே இருக்க வேண்டியதுதான் என்று இன்னொரு குரல் சொன்னது.

எனக்குத் தெரிந்த மரவைத்தியம் ஒன்றே ஒன்று. எங்கள் வளவில் கறிவேப்பிலை மஞ்சளித்தால் புளித்த மோர் ஊற்றுவோம், நுனியைக் கிள்ளிவிடுவோம். கிள்ளக் கிள்ளத்தான் கிளைக்கும். அரிசி கழுவின தண்ணியும் வீணாகப் போகாது, அதன் காலடிக்குத்தான் போகும். ஒரு இலைக்குச் சரியானது இன்னொரு இலைக்குப் பிழையாகுமா? யோகட் வாங்கி, விறாந்தையில் வெயிலில் மூன்று நாள் வைத்துப் புளிக்கவிட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி ஊற்றினேன். மேல் நுனிகளைக் கிள்ளினேன். மூன்றாம் மாடிக்காரி யன்னலைத் திறந்து, என்ன நாற்றம் என்று கத்தினாள். எனக்கு இத்தாலியம் விளங்காத மாதிரி நின்றேன். சில நேரங்களில் அது நல்ல உபாயம்.

மோரும் கிள்ளலும் பத்து நாளில் பலன் காட்டின. நான் கும்பிட்ட பலன் இல்லை.

கிள்ளின இடத்திலெல்லாம் இலைகள் வந்திருந்தன. இரத்தச் சிவப்பு. மிளகாய்ப்பழச் சிவப்பு. தொட்டால் துவண்டு தொங்கின, வெந்நீரில் போட்டெடுத்த கீரை மாதிரி. மோர் அதிகம் புளித்துவிட்டது, வேர் வெந்து மேலே இரத்தம் கட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் எந்த மரம் சிவப்பாக இலை விட்டது? வாதமரத்தில் இலை பழுத்தால் சிவக்கும், சிவந்தபின் விழும். சிவப்பு என்றால் முடிவு என்றுதான் எனக்குத் தெரியும். சிவந்த இலையெல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கிள்ளினேன், நோய் மற்றதுக்குப் பரவக்கூடாதென்று. பேப்பரில் சுற்றி, கீழே குப்பைத்தொட்டியின் அடியில் ஒளித்துவைத்தேன்.

ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் சிவப்பாய் வந்தது. திரும்பவும் கிள்ளினேன்.

இரண்டாம் தடவை கிள்ளியபின் அக்காவிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? கொழும்புக்குச் சொன்னால் அங்கே இரண்டு பேருக்கும் நித்திரை போய்விடும். அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ பொய் சொல்லி வேலைக்குப் போனாய், பிள்ளை. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது” என்றாள்.

“அக்கா, போசனத்தை விடுங்கோ. வழி சொல்லுங்கோ.”

அவளுக்குத் தெரிந்த வழி மலை. பலெர்மோவுக்கு மேலே இருக்கும் மலைக்குகையில் ஊரைக் காக்கிற புனிதை இருக்கிறாள். அவள் கத்தோலிக்க வேதக்காரருடைய புனிதை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்தால் திருநீறு பூசின நெற்றிகள்தான் கூட. நாங்கள் அம்மனிடம் போகிறதுபோலத்தான் போவோம், வெறுங்காலோடு நடப்போம், நேர்த்தி வைப்போம். அந்த ஞாயிறு நானும் வெறுங்காலோடு ஏறினேன். மகள் வந்தால் அவளையும் நடத்திக் கூட்டிவருகிறேன் என்று நேர்ந்தேன். குகைக்கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரை அக்கா ஒரு போத்தலில் பிடித்துத் தந்தாள். திங்கட்கிழமை காலை அதையும் சாடியில் ஊற்றினேன்.

புதன்கிழமை மூன்றாம் தடவையாகச் சிவந்திருந்தது. முன்னைவிடக் கூட, ஐந்து கிளையில். செப்டெம்பர் ஆறாம் திகதி. சிஞ்ஞோரா வர நாலு நாள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என் கண்முன்னால் நின்றது. விரலை நுனிவரை கொண்டுபோய்விட்டேன். கிள்ள மனம் வரவில்லை. இனிக் கிள்ளினால் மரத்தில் மொட்டைக் கம்புதான் மிஞ்சும்.

இப்போது அந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே கட்டடத்தில், இரண்டாம் மாடியில், சக்கரக் கதிரையில் இருக்கும் ஒரு கிழவரைப் பார்க்கிற வேலையில் ஒரு சிங்களவர் இருந்தார். என் வயதுதான் இருக்கும். ஆறு மாதமாக லிப்றிலும் முற்றத்திலும் அவரைக் காண்கிறேன், ஒரு சொல் கதைத்ததில்லை. முதல் கிழமையில் அவர் “வணக்கம்” என்றார். தமிழில் சொன்னதுதான் எனக்கு இன்னும் கோபம். எங்கள் வீட்டுக்கு மேலே ஷெல் விழுந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை, இவர் எனக்கு வணக்கம் சொல்கிறார்! சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒகஸ்டில் கட்டடத்துக்குத் தண்ணி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும், முற்றத்துப் பைப்பில் எல்லாரும் வாளி வைத்து நிற்போம். என் வாளியைத் தூக்கித் தர ஒருநாள் கையை நீட்டினார். நான் வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவரும் சுவரைப் பார்க்கப் பழகிவிட்டார்.

தெற்கத்தி ஆள். கறுவா தெற்கத்தி மரம். இந்தக் கணக்கு எனக்கு ஒகஸ்ட் முதல் கிழமையிலேயே தெரியும். ஆனாலும் மோர், குகைத்தண்ணி என்று எல்லா வாசலிலும் தட்டிவிட்டு, இரண்டு மாடி கீழே இருந்த கதவை மட்டும் விட்டுவைத்திருந்தேன். மானம் பெரிதா, மகள் பெரிதா என்று அந்தப் புதன்கிழமை என்னையே கேட்டேன். மகள் பெரிது. ஒரு சிவப்பு இலையைக் கிள்ளி, ரிஷூக் கடதாசியில் சுற்றிக்கொண்டு படியிறங்கினேன்.

அவர் கிழவரைப் பத்து மணிக்குக் கீழே கோப்பிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார். லிப்ற் வாசலில் மறித்தேன். “ஸ்கூஸி” என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த பாஷை இத்தாலியம்தான். ஒரே தீவில் பிறந்த இரண்டு பேர் பலெர்மோவில் நின்று இத்தாலியத்தில் கதைத்தோம், அதுவும் பிழைபிழையாக.

ரிஷூவை விரித்தேன். அவர் இலையை எடுத்தார், கசக்கினார், மூக்கில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கிழவர் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“குருந்து” என்றார் கடைசியில். கறுவாவுக்கு அவர்களுடைய பெயர் அதுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். “எங்கை இருக்கு?”

கிழவரைக் கடையில் இருத்திவிட்டு மேலே வந்தார். விறாந்தை வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். மரத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தார். தண்டை நகத்தால் சுரண்டினார், சிவப்பு இலைகளைத் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

“பம்பீனி.”

பிள்ளைகள். எனக்கு விளங்கவில்லை. அவர் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். இது வருத்தம் இல்லை. இந்த மரம் குழந்தை இலையைச் சிவப்பாகத்தான் பெறும். இரண்டு மூன்று கிழமையில் நிறம் மாறும், பிறகு பச்சையாகித் தடிக்கும். மழை பெய்தால் அவர்களுடைய மலைச்சரிவு முழுக்க இப்படித்தான் சிவந்து கிடக்கும். அவருடைய அப்பாவும் சிற்றப்பாமாரும் பட்டை உரிக்கிறவர்கள். சிவப்பு வந்து பச்சையானால்தான் பட்டை கழலும், அதுவரை கத்தியை எடுக்கமாட்டார்கள்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

“நான் கிள்ளிப்போட்டன்” என்றேன். “ரெண்டுதரம்.”

“எவ்வளவு?”

“எல்லாம்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்தின கையையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, கடைசியில் சிரிப்பும் வந்துவிட்டது. மூக்கைத் துடைக்க ரிஷூவைத் தேடினால் அது அவருடைய கையில் இருந்தது.

“ரெண்டுதரம் கிள்ளியும் மூண்டாம்தரம் வருதெண்டால் இது சாகாது. பயப்படாதேங்கோ” என்றார்.

அந்த ‘பயப்படாதேங்கோ’வை அவர் எந்தப் பாஷையில் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. இத்தாலியமாகத்தான் இருந்திருக்கும். ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதுதான் ஞாபகம். யன்னலைத் திறந்து மூச்சு விட்டேன், கீழே யாரோ கம்பளம் தட்டுகிற சத்தம்கூட நல்லாயிருந்தது.

பிறகு என்ன ஊற்றினேன் என்று கேட்டார். மோர் என்றேன். திரும்பவும் சிரித்தார், ஆனால் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். சாடி விளிம்பில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைக் காட்டினார். இந்த ஊர்த் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம். அதுதான் இலை மஞ்சளிக்கக் காரணம். அவர் முதலில் ஊருக்கு வெளியே சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்தவர், அங்கே படித்ததாம். புளிப்பு நல்லதுதான், ஆனால் மோர் வேண்டாம், ஒரு வாளி தண்ணிக்கு அரைத் தேசிக்காய் பிழிந்து விடச் சொன்னார். குகைத்தண்ணியையும் சொன்னேன். அதுவும் சுண்ணாம்புதான் என்று சொல்லிவிட்டு, அவசரமாக மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டார். அவரும் ஏறுகிறவர்தான் போல.

“இலை ஏன் கராம்பு மணக்குது?” என்று கேட்டேன். தெரியாததை ஒருவரிடம் நேராகக் கேட்டது எனக்கு அதுதான் முதல்தரமாக இருக்கலாம்.

“இலை கராம்பு. பட்டை குருந்து. வேரைக் கிண்டினால் கற்பூரம்” என்றார். “எல்லாம் ஒரு மரம்தான்.”

பத்தாம் திகதி சிஞ்ஞோரா வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, பெட்டியை உள்ளே எடுக்க விடவில்லை, கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே விறாந்தைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். வருத்தமில்லை சிஞ்ஞோரா, இது பிள்ளைகள், என்று நான் மனப்பாடம் செய்த வசனம் தொடங்கும் முன்னே அவர் சாடிக்குப் பக்கத்திலிருந்த கதிரையில் இருந்துவிட்டார்.

“சிவப்பு வந்திருக்கு” என்றார்.

“ஓம், சிஞ்ஞோரா.”

“அவர் இருக்கேக்கை வந்தது. பிறகு வரவேயில்லை. மூண்டு வருசம்.” இலையைத் தொடவில்லை, பக்கத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். “சிவப்பு வந்தவுடனை என்னைக் கூப்பிடுவார். குசினியிலை என்ன வேலையெண்டாலும் விட்டிட்டு வரவேணும். எரிச்சலாயிருக்கும்.”

கன்னத்தைத் துடைத்துவிட்டு எழும்பினார். “நாளைக்குப் பத்து மணிக்கு வெளிக்கிட்டு நில். உன்ரை கடதாசி எழுதுற இடத்துக்குப் போவம்.”

மறுநாள் பத்தேகாலுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். பேனையை மூடுகிற சத்தம் கேட்டவுடன் கடதாசியை வாங்கிப் பைக்குள் வைத்தேன். அன்று பின்னேரம் ரெலிபோன் கடையில் நான் ஒன்றும் சொல்லவில்லை, வெறும் அழுகை. கணவர் பயந்துபோய், “என்ன, என்ன நடந்தது?” என்று கத்தினார். நல்லதுதான் நடந்தது என்று சொல்ல ஒரு நிமிடம் பிடித்தது. அக்கா கேட்டுவிட்டு, எல்லாம் குகைத்தண்ணியின் அற்புதம் என்றாள். சண்டை பிடிக்கவில்லை. இரண்டாம் மாடிக்கு ஒரு தட்டு வடை கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவைத் திறந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மற்றக் கடதாசிகளுக்குக் குளிர்காலம் முழுக்கப் போனது. குவெஸ்துரா என்கிற பொலிஸ் கந்தோர் வரிசையில் நின்ற காலை நேரங்களை எண்ணி முடியாது. ஆனால் ஏப்ரலில் அவர்கள் வந்தார்கள். ரோமில் இறங்கி, ரயிலையே கப்பலில் ஏற்றுகிற பாதையில் கடல் கடந்து, விடியப்புறம் பலெர்மோ ஸ்ரேசனில் வந்து நின்றார்கள். மகளுக்கு நான் வாங்கி வைத்த சிவப்புச் சுவெற்றர் கை குட்டையாகப் போயிருந்தது. அவள் ரெலிபோனில் வளர்ந்ததை என் கண் கணக்கெடுக்கவில்லை.

சிஞ்ஞோரா பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். மகளின் கையைப் பிடித்து நேரே விறாந்தைக்குப் போனார், என்னைக் கூட்டிப்போன அதே நடை. மரம் வசந்தத்துக்குத் திரும்பவும் சிவந்திருந்தது. கீழே போன வருடத்துச் சிவப்பெல்லாம் தடித்த பச்சையாக நின்றன.

“பார், உன்ரை வீட்டிலை நிக்கிற மரம்” என்றார். நான் அதை மகளுக்குத் தமிழில் சொன்னேன், தயங்கித் தயங்கி.

மகள் மரத்தை மேலும் கீழும் பார்த்தாள். “இல்லையே, அம்மா. எங்கட வீட்டிலை இது இல்லை. மாமரமும் முருங்கையும்தானே நிண்டது?”

“என்ன சொல்றாள்?” என்றார் சிஞ்ஞோரா.

எத்தனையோ சொல்லியிருக்கலாம். வடிவான மரம் என்கிறாள் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம், வாயும் அதற்குத் திறந்துவிட்டது. ஆனால் பிள்ளை என் பக்கத்தில் நின்றாள். இனி எனக்கு என்ன பயம்?

“எங்கட வீட்டிலை இந்த மரம் இல்லை எண்டு சொல்றாள், சிஞ்ஞோரா. அது உண்மை. இந்த வீட்டுக்கு வரும்வரை இதை நான் கண்ணாலை கண்டதில்லை.”

“பனை உயரம் எண்டாய்.”

“எனக்குத் தெரிஞ்சது பனை மட்டும்தான்.”

தொடங்கியதை முடிக்க வேண்டும் என்று மோரைச் சொன்னேன், கிள்ளியதைச் சொன்னேன், ஒருதரம் இல்லை இரண்டுதரம் என்றும், குப்பைத்தொட்டியின் அடியில் ஒளித்ததையும், இரண்டாம் மாடிக்காரர் வந்து சிரித்ததையும் சொன்னேன். சிஞ்ஞோரா கைத்தடியில் இரண்டு கையையும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வருடம் காத்திருந்த சிவப்பை நான் இரண்டுதரம் குப்பையில் போட்டதை அவர் மனதுக்குள் கணக்குப் பார்ப்பதாகத்தான் எனக்குப் பட்டது.

“ஒப்பந்தத்துக்கு முதல் இதை நீ எனக்குச் சொல்லாதது நல்லதாப் போச்சு” என்றார். “ரெண்டு பேருக்கும்.”

நான் சிரிப்பதா வேண்டாமா என்று நிற்கும்போது மகள் கையை நீட்டிவிட்டாள். சுவெற்றரின் அதே நிறத்தில் ஒரு நுனி, அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில். அவளுக்கு அது பூ.

“ஐயோ, கிள்ளாதை!” என்று கத்தினேன்.

கிள்ளிவிட்டாள். கிள்ளிய கை அப்படியே நின்றது, என்னைப் பார்த்து உதடு பிதுங்கியது. ஐந்து வருடத்துக்குப் பிறகு கண்ட பிள்ளையை மூன்றாம் நாளே அதட்டிவிட்டேன். சிஞ்ஞோரா கைத்தடியால் என் காலைத் தட்டினார்.

“விடு. கிள்ளினால் திரும்ப வரும். உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லையே” என்றார். பிறகு அந்தச் சிவப்பு நுனியை வாங்கி, மகளின் தலைமயிரில் சொருகிவிட்டார்.